குல்லாவும் மொட்டையும்

சட்டையைக் கவிழ்த்துப் போட்டு, காலரிலிருந்து கீழ் மடிப்பு வரை முதுகின் நடுவே கோடு இழுத்து, அந்தக் கோட்டில் அக்கா கத்தரிக்கோலை வைத்தபோது, "அண்ணி, அது அவரோட நல்ல சட்டை" என்றாள் தம்பியின் மனைவி.

"தெரியும். நான் தைச்சதுதானே."

"வெட்டாம போட முடியாதா?"

"கை விறைச்சுப்போச்சு, மடங்காதாம். ஆஸ்பத்திரியில சொல்லி விட்டிருக்காங்க. பின்னால பிளந்து குடுத்தா முன்பக்கமா மாட்டி, முதுகுல முடிஞ்சுக்குவாங்க. முன்னால பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"முடியறதுக்கு?"

"நாடா வச்சுத் தரேன்."

கத்தரிக்கோல் துணியைக் கடித்தது. நாற்பது வருஷமாகத் தையல்காரி. கிழிந்ததைச் சேர்த்திருக்கிறாள், இறுக்கமானதைப் பிரித்துவிட்டிருக்கிறாள். நன்றாக இருக்கிற சட்டையை நடுவில் பிளந்தது இதுதான் முதல் தடவை. தம்பிக்கு வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். கிடங்கில் பதினெட்டு வருஷம் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டி, பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் வந்த கோணல். அந்தப் பக்கம் மட்டும் ஒரு நூல் அளவு உள்ளே மடித்துத் தைப்பாள். போட்டுக்கொண்டால் நேராக நிற்கும். அந்த மடிப்பு இப்போது அவள் பெருவிரலுக்கு அடியில் இருந்தது.

சுவரோரம் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி மூக்கை உறிஞ்சினாள். "எல்லாம் விதி. நேரம் வந்துட்டா நாம என்ன பண்ண முடியும்."

"வண்டி கவிழ்ந்தது நேத்து மத்தியானம் மூணு மணிக்கு" என்றாள் தையல்காரி, தலை நிமிராமல். "விதி எத்தனை மணிக்கு வேலைக்கு வந்துச்சாம்?"

பக்கத்து வீட்டுக்காரி வாயை மூடிக்கொண்டாள். இந்த வீட்டில் நாத்தனார் பேசினால் மற்றவர்கள் தள்ளி உட்காருவது வழக்கம்தான். மாடியில் தம்பி குடும்பம், கீழே அவளும் அவள் மகனும். மாடிப்படியில் அவள் குரல் ஏறி வரும், பின்னாலேயே அவளும் வருவாள்.

மகன் வாசலில் பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தான். சட்டையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியவன் அவன்தான். அவனும் அதே கிடங்கில்தான் வேலை பார்க்கிறான். மாமன் சிபாரிசில் சேர்ந்தவன், ஆறு மாதமாக சூப்பர்வைசர். காலையிலிருந்து அவன் யாருடனும் பேசவில்லை. தாய்மாமனைப் பறிகொடுத்தவன், பேசாமல்தான் இருப்பான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

அவனை ஒதுக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். கையில் கோப்பு. கிடங்கின் பாதுகாப்பு அதிகாரி என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். காலணியைக் கழற்றிவிட்டு, நாற்காலி போட்டும் உட்காராமல் நின்றார்.

"இந்த நேரத்துல வந்ததுக்கு மன்னிக்கணும். அறிக்கை இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள போயாகணும். குடும்பத்துக்கு விவரம் சொல்லியாச்சு, அவங்களும் ஒத்துக்கிட்டாங்கன்னு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

"இன்னும் ஆளே வீடு வந்து சேரலை" என்றாள் தையல்காரி.

"புரியுதும்மா. அறிக்கை போனாத்தான் அந்த வண்டிக்கு சீல் எடுப்பாங்க. நாளைக்குக் காலையில வேலை ஆரம்பிக்கணும்."

"நாளைக்கேவா?"

"ஒரு வண்டியை வச்சு ஓட்ட முடியாதும்மா."

தம்பி மனைவி கையை நீட்டினாள். தையல்காரி முந்திக்கொண்டாள். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டி, எழுத்தெழுத்தாகப் படித்தாள். பெயர், வயது, பணி. கீழே 'விபத்துக்கான காரணம்' என்று போட்டு மூன்று கட்டங்கள். இயந்திரக் கோளாறு. ஓட்டுநரின் கவனக்குறைவு. பிறர் குறுக்கீடு. நடுக் கட்டத்தில் அச்சிலேயே குறி விழுந்திருந்தது.

"என்ன கவனக்குறைவு?"

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "அஞ்சாவது அடுக்குல இருந்து டைல்ஸ் பாரத்தை எடுத்து வெளிய கொண்டு வந்துட்டார். அடுத்து அதைக் கீழ இறக்கணும். இறக்கற லீவரைத் தள்றதுக்கு பதிலா பக்கத்துல இருக்கற சாய்க்கற லீவரைத் தள்ளிட்டார். அவ்வளவு உயரத்துல பாரம் முன்னால சாஞ்சா வண்டி நிக்காதும்மா. குதிக்கப் பாத்திருக்கார். கேமராவுல தெளிவா இருக்கு."

"படம் இருக்கா? வண்டி கவிழ்ந்தது வேண்டாம். லீவர் படம்."

அவர் போனில் தேடி எடுத்துக் கொடுத்தார். கறுப்புத் தண்டுகள் நான்கு. தலையில் கறுப்பு உருண்டைகள் நான்கு. வரிசையாக, ஒன்றுக்கொன்று நாலு விரல் இடைவெளி. ஒரே அச்சில் வார்த்தவை.

"இதுல எது இறக்கறது?"

அதிகாரி குனிந்தார். இரண்டு விரல்களால் படத்தைப் பெரிதாக்கினார். "இது. முதலாவது. இல்ல, இருங்க, இது கவிழ்ந்த மஞ்சள் வண்டி. இதுல ரெண்டாவதுதான் இறக்கறது. பச்சை வண்டியிலதான் முதலாவது."

"நிதானமா நின்னுக்கிட்டு, கண்ணு முன்னால வச்சுக்கிட்டு, பெருசு பண்ணிப் பாத்துட்டு நீங்க ரெண்டு தடவை சொல்றீங்க. அவன் அஞ்சாவது அடுக்கை அண்ணாந்து பாத்துக்கிட்டே ஒரே தடவையில சொல்லணும். இல்லையா?"

அவர் போனைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார்.

"இதுல குல்லா எங்க?"

"எந்தக் குல்லா?"

தையல்காரி படத்தை மறுபடி பார்த்தாள். நான்கும் மொட்டையாகத்தான் இருந்தன.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பி தையல் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தான். "அக்கா, எலுமிச்சம்பழத்துக்கு ஒரு குல்லா தைக்கணும்" என்றான். "பழத்துக்குக் குளிருதாடா?" என்றாள். லீவர் உருண்டைக்கு என்றான். "கண்ணு மேல இருக்கும்க்கா. கைக்குத் தனியா ஒரு கண்ணு வேணும்ல." கம்பெனியில் கேட்டால் வைத்துத் தரமாட்டார்களா என்றாள். "கேட்டேனே. ரெண்டு வண்டியும் விதிமுறைப்படிதான் இருக்கு, நீ பழகிக்கோன்னாங்க. பழகறதுல ஒண்ணும் இல்லக்கா. திங்கக்கிழமை பச்சைக்குப் பழகின கை செவ்வாக்கிழமை மஞ்சள்ல ஏறுதே, அதுதான் பயமா இருக்கு."

முரட்டுத் துணி, வரி வரியாக மேடு தட்டும் துணி, அதில் இரண்டு தைத்தாள். கீழே எலாஸ்டிக். வண்டிக்கு ஒன்று. அப்புறம் கிடங்கு முழுக்க அதே பேச்சாகிவிட்டது. புதிதாக ஓட்டக் கற்பவர்களுக்குக்கூட, "குல்லா போட்டது தூக்கும் இறக்கும், மொட்டை சாய்க்கும். கையில சொரசொரன்னு பட்டாத்தான் தள்ளு" என்று சொல்லிக் கொடுப்பார்களாம். தம்பி வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

"சார்" என்றாள் தையல்காரி. "நான் மோட்டார் மிஷின்ல தைக்கிறவ. ஓட்டறது பாதத்தால. துணியை அழுத்திப் பிடிக்கற கொக்கியைத் தூக்கறது முழங்காலால, இப்படிப் பக்கவாட்டுல தட்டணும். ரெண்டு கையும் துணியில இருக்கும், கண்ணு ஊசியில இருக்கும், ஆனா ஒரு நாளும் நான் ஒண்ணுக்கு ஒண்ணு மாத்தித் தட்டினது கிடையாது. ஏன்னா மாத்த முடியாது. அதைச் செஞ்சவனுக்கு மனுஷனோட முழங்கால் எங்க இருக்கு, பாதம் எங்க இருக்குன்னு தெரிஞ்சிருக்கு. உங்க வண்டியைச் செஞ்சவன் கையையே பாத்ததில்லையா?"

"மிஷின்ல கோளாறு எதுவும் இல்லம்மா. நேத்தே முழுசா சோதிச்சுட்டோம். எல்லாம் சரியா வேலை செய்யுது."

"சரியா வேலை செஞ்சுதான் கொன்னிருக்கு."

அதிகாரி கோப்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "படிவத்துல மூணு காரணம்தான் இருக்கும்மா. மிஷின் பழுதில்ல. வேற ஆள் யாரும் குறுக்க வரலை. அப்ப மிச்சம் இருக்கறது..."

"மிச்சம் இருக்கறது செத்தவன். அவன் தலையில எழுதிட்டா எந்திரிச்சு வந்து கேக்க மாட்டான்."

"குடுங்க அண்ணி" என்றாள் தம்பி மனைவி.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் அதிகாரியின் பேனாவை வாங்கித் திறந்தபடி எழுந்து நின்றிருந்தாள்.

"குடுங்க, போட்டுடறேன். அவங்க எழுதினது சரிதான். நேத்துக் காலையில பாலைப் பாத்துக்கச் சொல்லிட்டுக் குளிக்கப் போனேன். பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சிருச்சு. பேப்பர் படிச்சுக்கிட்டே உக்காந்திருக்காரு. ஒரு வேலையிலயாவது கவனம் இருக்கா உங்களுக்குன்னு கத்தினேன். சாப்பிடாமதான் போனாரு. அதையே நெனச்சுக்கிட்டு வண்டியில ஏறியிருப்பாரு." அவள் குரல் உடையவில்லை. கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "நான் கேட்டதைத்தான் அவங்களும் எழுதியிருக்காங்க."

தனக்கு வருவது அழுகை என்று தையல்காரி நினைத்தாள். இல்லை. ஆத்திரம்தான்.

"பால் பொங்கறது கவனக்குறைவு. வீட்டுக்கு வீடு பொங்குது. அதுக்கு யாரும் சாகறதில்ல. பேனாவை மூடி வை. முதல்ல நான் இந்தச் சட்டையை முடிக்கணும்."

அதிகாரி, கீழே காரில் இருப்பதாகவும் ஒரு மணி நேரம் காத்திருப்பதாகவும் சொல்லிவிட்டு இறங்கினார். தாளையும் பேனாவையும் தம்பி மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். பேனாவை மூடவில்லை.

மாடிப்படித் திருப்பத்தில் நெட்டையன் நின்றிருந்தான். தம்பிக்கு மாற்று ஷிப்டில் ஓட்டுகிறவன். உயரம் காரணமாக வந்த பெயர், அவன் சொந்தப் பெயரைக் கிடங்கில் பாதிப் பேர் மறந்துவிட்டார்கள். சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தையல்காரி அவனிடம் வந்தாள்.

"குல்லா எங்க போச்சு?"

"புதன்கிழமை சாயந்தரத்துல இருந்தே காணோம்க்கா. ரெண்டு வண்டியிலயும்."

"யார் எடுத்தா?"

நெட்டையன் படியில் ஒட்டியிருந்த காய்ந்த சேற்றைக் கால் விரலால் சுரண்டினான்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"தலைமை ஆபீஸ்ல இருந்து பெரிய ஆளுங்க வர்றாங்கன்னு புதன்கிழமை பூரா சுத்தம் பண்ணாங்கக்கா. கோடு போட்டு, பெயின்ட் அடிச்சு. வண்டியில கம்பெனி வைக்காத பொருள் எதுவும் இருக்கக் கூடாதுன்னு ஒரு பட்டியல். என் தண்ணி பாட்டில் மாட்டற கொக்கியைக்கூடக் கழட்டிட்டாங்க."

"யார்னு கேட்டேன்."

"அண்ணன் மூணு நாளா பச்சையிலதான் ஓட்டினாரு. நேத்து பச்சையை வந்தவங்களுக்குக் காட்டறதுக்காகத் தொடைச்சு நிறுத்திட்டாங்க. அதனாலதான் மஞ்சள்ல ஏறினாரு." அவன் இன்னும் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தான். "கை பச்சையிலயே இருந்திருக்கும்க்கா."

"நாளைக்கு நீதான் மஞ்சள்ல ஏறணுமா?"

"ஆமாங்க்கா."

"மொட்டையாவே?"

"பாத்துத்தான் ஓட்டணும்."

"அவனும் பாத்துத்தான் ஓட்டினான். மேல பாத்து."

நெட்டையனின் கண் ஒரு கணம் அவளைத் தாண்டி மாடி வாசலுக்குப் போய்த் திரும்பியது. அங்கே அவள் மகன் சாவியைச் சுற்றுவதை நிறுத்தியிருந்தான்.

அவள் அதைப் பார்த்தாள். பார்க்காததுபோல மகனிடம் சொன்னாள்: "கீழ போய் வெட்டுத்துணிப் பையை எடுத்துட்டு வா. நாடாவுக்கு வெள்ளைத் துண்டு வேணும்."

"அதுல வெள்ளை இல்லம்மா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இல்ல... கடையில ரெடிமேட் நாடாவே வாங்கிட்டு வந்துடறேன். அஞ்சு நிமிஷம்."

"இருபத்தேழு வருஷத்துல அந்தப் பையில என்ன இருக்குன்னு நீ எட்டிப் பாத்ததில்ல. இன்னிக்கு வெள்ளை இல்லைன்னு கணக்கு சொல்றே."

அவனே பின்னால் வருவான் என்று தெரியும். அவள் இறங்கிப் போனாள்.

தையல் அறையில் வெயில் மிஷின் மேல் விழுந்திருந்தது. பாதி தைத்த பாவாடை ஊசிக்கடியிலேயே கிடந்தது. நேற்று மூன்றரை மணிக்குப் போன் வந்தபோது அப்படியே எழுந்து ஓடியவள். மேஜைக்கு அடியிலிருந்து பையை இழுத்துத் தரையில் கொட்டினாள். பூப்போட்டது, கட்டம் போட்டது, லைனிங் துண்டுகள். வெள்ளை நிறைய இருந்தது. வெள்ளைக்கு அடியில், ஒரு பாலித்தீன் உறையில், இரண்டு குல்லாக்கள்.

வெளியே எடுத்தாள். வரி மேடெல்லாம் தேய்ந்து, கிரீஸ் ஏறி, உள்ளங்கை படும் பக்கம் மட்டும் பளபளவென்று கறுத்திருந்தது. மூன்று வருஷத்துக் கை.

வாசற்படியில் மகன் நின்றான். உள்ளே வரவில்லை.

"கதவைச் சாத்து" என்றாள்.

சாத்தினான்.

"நீயா?"

"ஆமாம்மா."

"பட்டியல்ல இருந்துச்சா?"

"இருந்துச்சு. வண்டியில ஒட்டியிருக்கறது, கட்டியிருக்கறது எதுவும் இருக்கக் கூடாதுன்னு. நான்தான் கையெழுத்துப் போடணும், எல்லாம் சரியா இருக்குன்னு. எனக்கு இது முதல் தடவைம்மா. அவங்க கிளம்பினதும் மாட்டிடலாம்னு நெனச்சேன். ரொம்ப அழுக்கா இருக்கே, உன்கிட்ட குடுத்துத் துவைச்சு, இல்லைன்னா புதுசா தைச்சு..."

"மாமாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

மகன் சுவரில் தொங்கிய அளவு நாடாவைப் பார்த்தான். வெளியே யாரோ பைக்கை உதைத்து, அது கிளம்பாமல், மறுபடி உதைத்தார்கள்.

"சிரிச்சாரு. 'சூப்பர்வைசர் அய்யா சொன்னா மறுபேச்சு உண்டா, எடுத்துக்கோ'ன்னாரு. உனக்கு நல்ல பேர் வரட்டும்டான்னாரு. வெள்ளிக்கிழமை மறக்காம மாட்டிடு, கை தடுமாறும்னாரு."

அவள் கையில் கத்தரிக்கோல் இருந்தது. அதை மேஜையில் வைத்தாள். அது கையில் இருக்கும்போது இவனிடம் பேசக் கூடாது என்று தோன்றியது.

"கை தடுமாறும்னு சொன்னானா?"

"சொன்னாரு."

"சொன்னதுக்கப்புறமும் மஞ்சள்ல ஏத்தினியா?"

"ஷிப்ட் போட்டது நான் இல்லம்மா."

"நேத்து அந்த அதிகாரி போட்டோ எடுத்தப்ப எங்க இருந்தே?"

"பக்கத்துலதான்."

"மொட்டையா இருக்குன்னு சொன்னியா? குல்லா இருந்துச்சு, கழட்டிட்டோம்னு?"

"இல்ல."

"மாடியில ஒரு பேப்பர் இருக்கே. கவனக்குறைவுன்னு. அதை யார் டைப் அடிச்சா?"

அவன் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

"காது கேக்கல."

"நான்தான்மா. எழுதிக் குடுத்தாங்க. அடிச்சேன்."

மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தப் பையனுக்கு ஐந்து வயதில் அப்பா போனார். பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது, சைக்கிள் வாங்கிக் கொடுத்தது, வேலைக்காக மேலாளர் வீட்டு வாசலில் மூன்று நாள் போய் நின்றது, எல்லாம் தம்பிதான், இந்தத் தோள்மடிப்புச் சட்டைக்காரன். அவனைப் பற்றித்தான் இவன் ஒரு விரல் ஒரு விரலாக அடித்திருக்கிறான், க, வ, ன.

"என்னைக் கொலைகாரன்னு சொல்லுவாங்கம்மா."

"யார் சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன். நீ கொல்லல. நாலு லீவரை ஒரே மாதிரி வார்த்து, வண்டிக்கு வண்டி இடத்தை மாத்தி வச்சான் பாரு ஒருத்தன், அவன் முகமே நமக்குத் தெரியாது. மூணு வருஷமா குல்லாவைப் பாத்துட்டு, இது ஏன் இங்க இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்காம, அழுக்குத் துணின்னு பட்டியல்ல போட்டாங்களே, அவங்களுக்கு ஏசி ரூம். நீ நடுவுல மாட்டின முட்டாள். முட்டாள்தனத்துக்கு நான் உன்னைத் திட்டுவேன், அதோட விட்டுடுவேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா உங்க மாமா தலையில பழி விழும்போது பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தியே. அதை எந்த மிஷினும் செய்யல. அது நீ."

"இப்ப சொன்னா வேலை போயிடும்."

"போகட்டும்."

"அத்தை என் மூஞ்சில முழிக்க மாட்டாங்க."

"முழிக்க மாட்டா. அவ இஷ்டம் அது. ஆனா அவ அங்க என்ன சொல்லிட்டு உக்காந்திருக்கா தெரியுமா? பாலு பொங்கினதுக்கு நான் கத்தினேன், அதனாலதான் புருஷன் செத்தான்னு. அவ போடப்போற கையெழுத்து அதுக்குத்தான். செத்து வேகற வரைக்கும் ஒவ்வொரு நாளும் பால் காய்ச்சணும்டா அவ."

அவன் உட்கார்ந்துவிட்டான். வெட்டுத்துணிகளுக்கு நடுவே, தரையில். முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு, மூச்சே இல்லாததுபோல இருந்தான். அவள் தலையைத் தொடவில்லை. தொட்டால் இன்றைக்கு இவனை மன்னித்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்கு அது வேண்டாம்.

"நீயே சொல்லேம்மா. நீ சொன்னா..."

"நான் சொல்ல மாட்டேன். அவ கேக்கற கேள்விக்கெல்லாம் நானா பதில் சொல்ல முடியும்? எப்ப கழட்டினே, என்ன சொன்னாரு, சிரிச்சாரான்னு கேப்பா. கண்டிப்பா கேப்பா. நீ இருக்கணும்." பாவாடையை ஊசியிலிருந்து விடுவித்துத் தள்ளிவிட்டு, சட்டையை மிஷினில் வைத்தாள். "சொல்லாம இருந்தியானா நான் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன். ரெண்டு பேர்ல ஒருத்தர் உனக்குப் போகத்தான் போறோம். யார்னு நீ முடிவு பண்ணிக்கோ."

வெள்ளைத் துண்டில் எட்டு நாடாக்கள் வெட்டினாள். மிஷின் ஓடியது. பாதம் மிதிக்க, முழங்கால் தட்ட, கை துணியை நகர்த்த, எல்லாம் தானாக நடந்தது. ஒவ்வொரு நாடாவுக்கும் இரண்டு தரம் தையல் போட்டாள். அவிழக் கூடாது. கடைசி நூலைப் பல்லால் கடித்து அறுத்து நிமிர்ந்தபோது மகன் எழுந்து நின்றிருந்தான். கையில் பாலித்தீன் உறை.

"இதையும் எடுத்துட்டுப் போகவா?"

"எடுத்துட்டுப் போ. அவ கேட்டா குடு. கேக்கலைன்னா கையிலயே வச்சுக்கோ."

படியேறினார்கள், அவன் முன்னால், அவள் பின்னால். திருப்பத்தில் நெட்டையன் ஒதுங்கி நின்றான். மகனையும் அவன் கையில் இருந்ததையும் பார்த்தான். எதுவும் கேட்கவில்லை. தையல்காரி சட்டையை மடித்து அவன் கையில் கொடுத்தாள்.

"நீ கொண்டுபோய்க் குடு. நாடா எட்டு. மேலேருந்து முடிஞ்சுக்கிட்டே வரச் சொல்லு. வலது தோள்பட்டையைக் கொஞ்சம் இழுத்துவிட்டா நேரா நிக்கும்."

"சரிங்க்கா."

"இன்னொண்ணு. நாளைக்கு அந்த வண்டியில ஏறாதே."

"ஏறலைன்னா வேற ஒருத்தனை ஏத்துவாங்கக்கா."

"அவன்கிட்டயும் சொல்லு. கேட்டா, செத்தவனோட அக்கா சொன்னான்னு சொல்லு. வந்து என்கிட்ட பேசச் சொல்லு."

நெட்டையன் சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

உள் அறையில் தம்பி மனைவி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி நாலைந்து பெண்கள். தையல்காரி வாசலில் நின்று, "எல்லாரும் கொஞ்சம் வெளிய வாங்க" என்றாள்.

"ஏன்?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"விதி உள்ள போகணுமாம். வழி விடுங்க."

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். தம்பி மனைவி நாத்தனாரைப் பார்த்தாள், பிறகு அவள் தோளுக்குப் பின்னால் நின்ற மருமகனைப் பார்த்தாள். "வாப்பா" என்றாள். "சாப்பிட்டியா நீ? காலையில இருந்து வாசல்லயே நிக்கிறே."

அவன் உள்ளே போனான். தையல்காரி கதவை இழுத்துச் சாத்தினாள். அதன் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

படியில் காலடிச் சத்தம். அதிகாரி மேலே வந்தார். ஒரு மணி நேரம் இன்னும் ஆகவில்லை.

"கையெழுத்து ஆச்சுங்களா?"

"உக்காருங்க."

"ஆபீஸ்ல இருந்து மறுபடி மறுபடி கூப்பிடறாங்கம்மா. நானே உள்ள போய்..."

"உக்காருங்கன்னு சொன்னேன். உள்ள பேசிக்கிட்டு இருக்காங்க."

அவர் இந்த முறை உட்கார்ந்தார். கோப்பை மடியில் வைத்துக்கொண்டார்.

உள் அறையில் ஓடுவது பழைய மின்விசிறி. கடகடவென்று சத்தம் போடும். அந்த அறையில் எதையும் உரக்கத்தான் பேச வேண்டும். மகன் உரக்கப் பேசவில்லை. கதவுக்கு இப்பால் ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. விசிறியின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் பேசுகிறானா, சும்மா நிற்கிறானா என்று தெரியாமல் தையல்காரி கதவுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. யாரோ எழுந்து நாலு அடி நடந்தார்கள். அவன் நடை இல்லை. சுவிட்சைத் தட்டும் சத்தம் கேட்டது. கடகடப்பு மெல்ல மெல்லத் தளர்ந்து, கடைசிச் சுற்றும் நின்றது.